பின் குசினியில் இரண்டாவது ஐஸ்பெட்டி

இயமங்கள் ஐந்து. அகிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மச்சரியம், அபரிகிரகம். சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இதை விரல் விட்டுச் சொல்லிடுவாங்க. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில், இரண்டாம் பாதத்தில் இந்த வரிசை வருகிறது. அகிம்சைக்கு ஆளாளுக்கு உதாரணம் சொல்வோம். சத்தியத்துக்கு அரிச்சந்திரன் இருக்கிறார். ஐந்தாவதுக்கு வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். "பேராசைப்படாம இருக்கிறது, அண்ணா" என்று யாராவது ஒருத்தர் சொல்வாங்க, அதோடு தேநீர் நேரம் வந்துவிடும்.

இந்த மாதப் பாடம் அந்த ஐந்தாவதைப் பற்றியது. அதை ஒரு தனி ஆளின் மனக்கட்டுப்பாடாகப் பார்க்காமல், ஒரே கூரைக்கு அடியில் இருக்கும் குடும்பம் சேர்ந்து செய்யும் வேலையாகப் பார்க்கப் போகிறோம். சுற்றுச்சூழல், பருவநிலை மாற்றம் என்று பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் நிறைய கேட்டாச்சு. வீட்டுக்குள் அது எங்கே இடிக்கிறது என்பதுதான் நமக்கு வேணும்.

முதலில் சொல்லைப் பிரிச்சுப் பார்ப்போம். 'பரி' என்றால் சுற்றிலும். 'கிரகம்' என்றால் பற்றிக்கொள்வது. சுற்றிலும் இருப்பதை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது அபரிகிரகம். வானத்தில் இருக்கும் கிரகத்துக்கும் இதே வேர்தான்; பிடிப்பது என்பதால் அந்தப் பெயர். "சனி பிடிச்சிருக்கு"ன்னு பாட்டிமார் சொல்வது சரியான மொழிபெயர்ப்பு. பொருளை நாம் பிடிக்கிறோமா, பொருள் நம்மைப் பிடிக்குதா என்பது ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து பார்த்தால் தெரியும்.

மூன்றாவது இயமமான அஸ்தேயம், அதாவது திருடாமை, இதோடு ஒட்டியே வருவது. காந்தியடிகள் 1930இல் எரவாடா சிறையிலிருந்து தம் ஆசிரமத்தாருக்கு வாரந்தோறும் கடிதங்கள் எழுதினார். நமக்கு உண்மையில் தேவைப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டால், உரியவர் சம்மதத்தோடு எடுத்தாலும் அது திருட்டுதான் என்பது அந்தக் கடிதங்களில் அவர் வைக்கும் வாதம். கொஞ்சம் கடுமையா இருக்கா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கீதையின் மூன்றாம் அத்தியாயமும், பெற்றதைத் திருப்பித் தராமல் அனுபவிக்கிறவனைக் கள்வன் என்றே சொல்கிறது. ஆக இது காந்தி புதுசா கண்டுபிடித்த கண்டிப்பு இல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிடணும். இந்த ஐந்தும் குலம், இடம், காலம், சூழ்நிலை எதுவும் பார்க்காத மகாவிரதம் என்று அடுத்த சூத்திரமே சொல்லிவிடுகிறது. தீபாவளிக்கும் 11.11 மலிவு விற்பனைக்கும் தனி விலக்கு கிடையாது.

ஜெவன்ஸ் என்ற மனிதர்

சரி, சமயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு என் படிப்புப் பக்கம் வருகிறேன். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1865இல் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜேம்ஸ் வாட் மேம்படுத்திய நீராவி எந்திரம், பழைய எந்திரங்களைவிட மிகக் குறைந்த நிலக்கரியில் அதே வேலையைச் செய்தது. அப்படியானால் இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறைந்திருக்க வேணும் இல்லையா? கூடியது. எந்திரம் சிக்கனமானதும் அதை ஓட்டுவது மலிவாகிவிட்டது. மலிவானதும் எல்லாரும் எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சிட்டாங்க. சிக்கனமான பொருளை உண்டாக்குவது வேறு, குறைவாகச் செலவழிப்பது வேறு என்று ஜெவன்ஸ் அன்றைக்கே எச்சரித்தார். பொறியியல் மாணவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான பாடம். நாங்கள் படிப்பதே முதல் வேலைக்குத்தானே.

இந்த ஜெவன்ஸ் நம்ம தாமான் வீடுகளுக்கும் வந்திருக்கிறார். எப்படின்னு கேளுங்க.

வீட்டு ஐஸ்பெட்டி பழசாகிவிட்டது. கதவு ரப்பர் சரியில்ல, நாளுக்கு 1.3 யூனிட் மின்சாரம் இழுக்குது என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஐந்து நட்சத்திர முத்திரை உள்ள புதுப் பெட்டி வாங்குகிறார். நல்ல காரியம். அரசாங்கமும் இதை ஊக்குவிக்கிறது. 2021இல் நான்கு, ஐந்து நட்சத்திர ஐஸ்பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் 200 ரிங்கிட் கழிவே கொடுத்தாங்க. புதுசு நாளுக்கு 0.8 யூனிட்தான். மாதத்துக்கு 15 யூனிட் மிச்சம். கடைக்காரர் சொன்னது பொய் இல்ல.

ஆனால் பழைய பெட்டி எங்கே போனது? தூக்கிப் போட மனசு வருமா? இன்னும் ஓடுதே! பின் குசினிக்குப் போனது. "தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வைக்க வசதியா இருக்கும்" என்று ஒரு காரணம். இப்போது இரண்டும் சேர்ந்து 2.1 யூனிட். மிச்சம் பிடிக்க நினைத்த 15 யூனிட் போய், கூடுதலா 24 யூனிட் வந்து சேர்ந்தது. அதோடு முடியல. காலியாக ஒரு பெட்டி இருந்தால் அது நிரம்பும். மலிவு விற்பனையில் கோழி மூன்று பாக்கெட், உறைந்த பராட்டா, எப்போது போட்டது என்று யாருக்கும் ஞாபகம் இல்லாத சாம்பார் பொட்டலம். ஒரு நாள் எல்லாத்தையும் குப்பையில் கொட்டி, பெட்டியைக் கழுவி, மறுபடி நிரப்புவோம்.

உங்கள் வீட்டில் இரண்டாவது ஐஸ்பெட்டி இல்லாமல் இருக்கலாம். அப்போ இரண்டாவது தொலைக்காட்சி, மூன்றாவது ஏர்கோன், நான்காவது புளூடூத் ஒலிபெருக்கி என்று ஏதாவது ஒன்று அந்த இடத்தில் இருக்கும். 'பச்சை' முத்திரை குத்திய பொருளை வாங்குவதே சுற்றுச்சூழலைக் காப்பது என்று விளம்பரங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. பழைய எண்ணெய் போத்தல் பத்து வீட்டில் சும்மா கிடக்கும்போது, மூங்கில் மூடி போட்ட புதுக் கண்ணாடிப் போத்தல் பத்து வாங்குவது எந்த வகை இயற்கைப் பாதுகாப்பு என்று எனக்கு விளங்கல. பழைய பொருள் பழுதாகிப் போகும்போது நல்லதைப் பார்த்து வாங்குங்க, பழையதை மறுசுழற்சிக்கு அனுப்பிடுங்க. அதுவரைக்கும் அந்தக் கதவு ரப்பரை மாற்றிப் பாருங்க. கொஞ்ச வெள்ளியில் முடிகிற வேலை.

ஒரே ஹாலில் நாலு பேர்

தீபகற்ப மலேசியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. ஒரு யூனிட் உற்பத்தியாகும்போது சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. இந்த ஒரு எண்ணை மனசுல வச்சுக்கிட்டா போதும்.

வீட்டு மின்சாரத்தில் பெரிய பங்கு சூடாக்குவதற்கும் குளிராக்குவதற்கும் போகிறது. விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இப்போதைய எல்இடி விளக்கு 9 வாட். அதற்காகத் தம்பியைத் துரத்தித் துரத்தித் திட்டும் வீட்டிலேயே மூன்று அறையில் மூன்று ஏர்கோன் ஓடும். 'ஒரு ஹார்ஸ்பவர்' ஏர்கோன் என்பது அதன் குளிரூட்டும் திறனுக்கு வியாபாரத்தில் வழங்கும் பெயர், ஏறக்குறைய 9,000 பிடியூ. சாதாரண வகை 0.7 முதல் 0.9 கிலோவாட் வரை இழுக்கும். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் சராசரியாக 0.6 என்று எடுத்துக்கொள்ளலாம். கூரை விசிறி 60, 70 வாட்தான், கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு.

கணக்கு போட்டுப் பாருங்க. மூன்று அறை, எட்டு மணி நேரம், முப்பது நாள்: 432 யூனிட். இதில் மூன்று அறையிலும் ஒரே ஒரு மணி நேரம் குறைத்தால் 54 யூனிட் மிச்சம், சுமார் 40 கிலோ கரியமில வாயு குறைவு. யாரும் வியர்த்துக் கஷ்டப்பட வேணாம். விடிகாலை ஐந்து மணிக்கு அணையும்படி டைமர் வைத்தால் போதும், அறை அதற்குள் நன்றாகக் குளிர்ந்திருக்கும்.

கட்டணமும் இதையே சொல்லுது. 2014 முதல் 2025 நடுப்பகுதி வரை வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறியது: முதல் 200 யூனிட்டுக்கு 21.8 காசு, 300ஐத் தாண்டினால் 51.6 காசு. அதாவது நாம் கடைசியாகச் செலவழித்த யூனிட்தான் விலை கூடியது. 2025 ஜூலையில் கட்டண அமைப்பு மாறினாலும், குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட் ஒன்றுக்குக் கூடுதல் கழிவு என்ற முறை இருக்கிறது. மாதம் 1,000 யூனிட்டைத் தாண்டினால் அந்தக் கழிவு கிடையாது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை உங்கள் வீட்டைக் கற்பனை பண்ணுங்க. அப்பா ஹாலில் செய்தி பார்க்கிறார். அம்மா அறையில் தொடர் பார்க்கிறார். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு கணினி விளையாட்டு. தங்கச்சி அவள் அறையில் கைப்பேசி. நாலு பேர், நாலு திரை, மூன்று ஏர்கோன். குடும்பத்தில் ஆள் கூடல, தேவை கூடல. தனித்தனியாகப் பிரிந்து உட்கார்ந்ததால் மட்டும் செலவு கூடியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்து தேவாரம் பாடும் அந்த அரை மணி நேரத்தில் மீட்டரைப் போய்ப் பாருங்க, அது எவ்வளவு மெதுவா ஓடுதுன்னு தெரியும். இதைச் சொல்லி யாரும் அப்பாவின் செய்தியை நிறுத்திடாதீங்க! ஹாலில் ஒரு விசிறிக்கு அடியில் நாலு பேரும் இருப்பது வாரத்தில் இரண்டு நாள் கூடினால் போதும் என்கிறேன்.

பாட்டி குறைவாக வாழ்ந்தது விரதம் இல்ல

நம்மில் சிலருக்கு ஒரு பழக்கம் இருக்கு. "அந்தக் காலத்தில் தோட்டத்தில் எவ்வளவு எளிமையா வாழ்ந்தாங்க" என்று பேச்சுப் போட்டியில் பேசுவோம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் லயத்து வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் வேற மாதிரி சொல்வாங்க. பல தோட்டங்களில் கரண்ட் என்பது இராத்திரி சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர்தான். தண்ணிக்குப் பொதுக் குழாயில் வரிசை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அந்த நாளுக்குக் கூலி இல்லை. தீபாவளிக்கு மட்டும் ஒரு புதுச் சட்டை. அது அபரிகிரகம் இல்ல, இல்லாமை. பிடித்துக்கொள்ளக்கூடிய வாய்ப்பு உள்ளவன் கையை விடுவதுதான் விரதம். கையில் ஒன்றும் தராமல் வைத்திருந்தது அநியாயம்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நம் அப்பா அம்மா அந்த லயத்திலிருந்து வெளியே வந்தவங்க, அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். தாமானில் வீடு, இரட்டைக் கதவு ஐஸ்பெட்டி, பெரிய தொலைக்காட்சி எல்லாம் அவர்களுக்கு வெறும் பொருள் இல்ல. "என் பிள்ளை என்னை மாதிரி வரிசையில் நிக்கல" என்பதற்கான அத்தாட்சி. நாம் முகாமில் இரண்டு நாள் சுற்றுச்சூழல் பட்டறை முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து, "இதெல்லாம் வீண் செலவுப்பா" என்றால் அவர் காதில் எப்படி விழும்? நீங்கள் சம்பாதித்துக் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை என்று விழும். பிறகு பருவநிலை மாற்றத்தைப் பற்றி என்ன விளக்கினாலும் அவர் கேட்கப் போவதில்லை.

அதனால் முதலில் நம்ம கணக்கைத்தான் மேசையில் வைக்கணும். மூன்று வருஷம்கூட ஆகாத கைப்பேசியை மாற்றுவது யார்? ஒரு கைப்பேசி தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும் பங்கு அது கடைக்கு வருவதற்கு முன்பே, செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. சார்ஜ் போடும் மின்சாரம் அதில் கொஞ்சம்தான். பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுவதைவிடப் பெரிய சேமிப்பு கைப்பேசி விஷயத்தில் இல்ல. சட்டையும் அப்படித்தான். ஒரு பருத்தி டிசட்டைக்குத் தேவைப்படும் தண்ணீர் சுமார் 2,700 லிட்டர் என்கிறார்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தீபாவளி உடை எடுத்து, படம் பிடித்து, அடுத்த வருஷம் வேறு நிறம் வேணும் என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் அப்பா இல்ல.

நம் தரப்பில் ஒன்றை விட்டுக்கொடுத்த பிறகு பெற்றோரிடம் பேசினால் பேச்சே வேறு மாதிரி போகும். எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் இருக்கு. 200 வெள்ளிக்கு மேல் எதை வாங்குவதாக இருந்தாலும், யார் வாங்குவதாக இருந்தாலும், அடுத்த சம்பள நாள் வரை காத்திருக்கணும். அதற்குள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும்: வீட்டில் இருக்கும் பழையது எங்கே போகும்? "வேணாம்" என்று யாரும் யாரையும் தடுப்பதில்லை. பாதி நேரம் அந்தப் பொருளே மறந்துபோகுது. அம்மா தாமே ஓர் ஏர் ஃபிரையரை மறந்தார். அப்பா மறக்காமல் ஒரு துளை போடும் எந்திரத்தை வாங்கியே விட்டார். அது அவருக்குத் தேவைதான் போல.

இந்தக் காத்திருப்பு பணத்துக்கும் நல்லது. நம் நாட்டில் குடும்பங்களின் கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 80 விழுக்காட்டுக்கும் மேல். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற வசதி கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. மூன்று தவணை, வட்டி இல்லை என்கிறான், விரல் அழுத்தினால் முடிந்தது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், வருவாய் சிறுத்திருந்தாலும் பரவாயில்லை, செலவு அகலாமல் இருந்தால் கேடில்லை என்ற கருத்தைச் சொல்கிறார். அந்த அதிகாரம் அரசனுக்கு எழுதியது, படை நடத்துகிறவனுக்கு. ஆனால் மாதக் கடைசி வாரத்தில் நம்ம வீட்டுக்கும் அது சரியா பொருந்துது.

சோறு

இதில்தான் நமக்கு வேலை அதிகம். திடக்கழிவு நிர்வாகக் கழகம் சொல்லும் கணக்கில், மலேசியாவில் ஒரு நாளில் குப்பைக்குப் போகும் உணவு சுமார் 17,000 டன். அதில் ஒரு பகுதி இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில் உள்ளது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும் உணவு மீத்தேன் வாயுவாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது.

சோற்றுப் பானையில் தினமும் அரை கப் அரிசி கூடுதலாகப் போடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. "யாராவது வந்தா?" என்று போடுவது. அரை கப் சுமார் 75 கிராம். வருஷத்துக்கு 27 கிலோ, பத்துக் கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட மூன்று. ஒரு கிலோ அரிசி விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் போகிறது. பணமாகப் பார்த்தால் பெரிசா தெரியாது. உள்ளூர் வெள்ளை அரிசி பத்துக் கிலோ 26 வெள்ளி கட்டுப்பாட்டு விலை. மலிவா இருப்பதால்தான் அது கண்ணுக்குப் படாமல் குப்பைக்குப் போகுது.

ஆனால் "யாராவது வந்தா?" என்ற அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளாதீங்க. விருந்தோம்பலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். வந்தவருக்குச் சோறு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது அம்மாவின் தர்மம். இங்கே அபரிகிரகமும் விருந்தோம்பலும் முட்டுவது போலத் தெரியும். உண்மையில் முட்டவில்லை. விருந்தாளியைக் குறைக்கச் சொல்லல, வகையைக் குறைக்கச் சொல்றேன். அரை கப் அரிசியை முன்கூட்டியே கொதிக்க வைக்க வேணாம். ஆள் வந்தால் இருபது நிமிஷத்தில் ஒரு பானை வைக்கலாம். மிஞ்சினால் அன்று இரவே ஐஸ்பெட்டியில் வைத்து, காலையில் நாசி கோரெங். யார் வைப்பது, யார் கிளறுவது? அங்கேதான் அடுத்த விஷயம் இருக்கு.

குறைவாக வாழும் வீட்டில் வேலை கூடும். ஞெகிழிப் பொட்டலத்தில் வாங்குவதை நிறுத்தினால் பாத்திரம் எடுத்துப் போகணும், வந்து கழுவணும். தாப்பாவ் குறைந்தால் சமைக்கணும். காகிதத் தட்டை விட்டால் முப்பது எவர்சில்வர் தட்டு தேய்க்கணும். இந்த வேலை எல்லாம் பேசாமல் ஒரே ஆளின் தலையில் போய் உட்காரும், அது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பல வீடுகளில் அவங்களும் வேலைக்குப் போய் வர்றாங்க. கடலுக்குப் போகும் ஞெகிழியைக் குறைக்க அம்மாவின் தூக்கத்தைக் குறைப்பது எந்த இயமத்தில் வருகிறது? அம்மாவின் நேரமும் உழைப்பும் தீர்ந்துபோகும் பொருள்தான், மின்சாரத்தைப் போல. கீதை ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, ஒன்றுமே உண்ணாதவனுக்கும் இல்லை என்கிறார். அளவோடு உழைப்பதையும் அளவோடு உறங்குவதையும் சேர்த்தே சொல்கிறார். ஆகவே, குடும்பத்தில் ஒரு மாற்றத்தை முன்மொழிகிறவர், அதற்கான வேலையையும் தானே எடுத்துக்கொள்ளணும். எவர்சில்வர் தட்டு வேணும்னு சொன்ன தம்பிதான் ஸ்பான்ஜைக் கையில் எடுக்கணும். ஆண் பிள்ளைகள் இந்த வரியை இரண்டு தடவை படிங்க.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருவோம். ஆறு வகைப் பலகாரம், மூன்று வகை பிஸ்கட், முப்பது டின். கார்த்திகை முடிவதற்குள் முறுக்கில் சிக்கு வாடை வந்துவிடும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை என்று வீட்டில் நன்றாக வரும் மூன்றை மட்டும் செய்து, மற்றதைப் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்வது நடக்கிற காரியம். எங்கள் தாமானில் சில வீடுகள் இதைச் செய்றாங்க. ஒரு வீட்டுக்கு முறுக்கு உரல் கைகூடும், இன்னொரு வீட்டுக்குப் பாகு பதம் கைகூடும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் நேரம் பாதியாகக் குறையுது.

கோயிலைப் பற்றித் தனிப் பாடமே எழுதலாம், இங்கே ஒன்றே ஒன்று. தைப்பூசத்தில் உடைக்கும் தேங்காயின் அளவைக் குறையுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கேட்டிருக்கிறது. 1969இல் தொடங்கிய அந்தச் சங்கத்தை நீண்ட காலம் நடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களும் நுகர்வு மோகத்தை எதிர்த்துப் பேசியவர். "நம்ம வேண்டுதலில் யாரும் தலையிட வேணாம்" என்று சிலர் கோபப்படுவதும் எனக்குப் புரியுது. ஆனால் திருமூலர் இறைவனுக்கு எல்லாராலும் முடியும் என்று காட்டியது ஒரே ஒரு பச்சிலை. அடுத்ததாக அவர் சொன்னது பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்முன் பிறருக்கு ஒரு கைப்பிடி. எண்ணிக்கை பெருகினால் பக்தி பெருகும் என்று அவர் சொன்னதாக நான் படிக்கல.

வகுப்புக்கான வேலை

"நாம ஒரு குடும்பம் குறைச்சா உலகம் மாறிடுமா? தொழிற்சாலையை முதலில் கேளுங்க" என்று வகுப்பில் நிச்சயம் ஒருத்தர் எழுந்து நிற்பார். நல்ல கேள்வி, உட்காரச் சொல்லாதீங்க. தொழிற்சாலையைக் கேட்கத்தான் வேணும், சட்டம் மாறத்தான் வேணும். சிலாங்கூரில் 2017இல் ஞெகிழிப் பைக்கு 20 காசு கட்டணம் வந்த பிறகுதான் நம்மில் பலர் காரில் துணிப்பை வைக்க ஆரம்பித்தோம். ஆனால் தொழிற்சாலை யாருக்காகப் பொருள் செய்கிறது என்பதையும் அதே வகுப்பில் பேசுங்க. இரண்டு பக்கமும் பேசட்டும்.

அடுத்த வகுப்புக்கு முன் இதைச் செய்து வாங்க. இன்றிரவு பத்து மணிக்கு வீட்டு மின்சார மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க. நாளைக்கும் அதே நேரம். ஏழு நாள். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடாக இருந்தால் தெனாகாவின் கைப்பேசிச் செயலியிலேயே நாள்வாரியாகத் தெரியும். எந்த நாள் கூடியது, அன்று வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்க. அதே ஏழு நாளில், குப்பைக்குப் போகும் சோற்றையும் கறியையும் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு எத்தனை டப்பா நிரம்புது என்று எண்ணுங்க. யாரையும் குறை சொல்லி எழுத வேணாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

மூன்றாவது வேலை கொஞ்சம் சிரமம். வீட்டில் பெரியவர் ஒருவரிடம், அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா யாராக இருந்தாலும் சரி, "நீங்க முதன்முதலா உங்க காசில் வாங்கிய பொருள் எது?" என்று கேளுங்க. அவங்க சொல்வதை அப்படியே எழுதி வாங்க. அந்தப் பொருள் இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் கேட்டு, அனுமதி கொடுத்தால் வகுப்புக்கு எடுத்து வரலாம். இரண்டாவது ஐஸ்பெட்டியாக இருந்தால் படம் போதும்.